மதியம் மட்டும் காணாமப் போகும் சர்வர்

மக்களே, இது பொட்டி தட்டுற ஆளுங்களுக்கான பதிவு. மத்தவங்களும் தாராளமா படிக்கலாம். நடுவுல ஒயரு, கார்டுன்னு ரெண்டு பத்தி ஓடும். பல்லைக் கடிச்சிக்கிட்டுத் தாண்டிட்டீங்கன்னா எங்கப்பா வந்துடுவார்.

அப்பா போட்டோகிராபர். ஓசூர் சுத்துவட்டாரத்துல கல்யாணம், காதுகுத்து, கம்பெனி ஆயுதபூஜைன்னு ஃபிலிம் காலத்துல அவர் எடுத்த நெகட்டிவ் மட்டும் ரெண்டு இரும்பு பீரோ நிறைய இருக்கு. போன வருசம் திறந்து பாத்தா பல கவர்ல பூஞ்சை. அது எமல்ஷனைத் தின்ன ஆரம்பிச்சிடுச்சின்னா அப்புறம் எந்தக் கொம்பனாலயும் அந்த முகத்தைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

அதுல ஒரு கட்டு எங்க கெலவரப்பள்ளி அணையோடது. இப்ப மதகைத் திறந்தா பெங்களூர்ப் பக்கத்துக் கழிவு கலந்து வந்து, வெள்ளை வெள்ளையா நுரை பொங்கி, டிவிக்காரங்க வந்து படம் பிடிக்கிற இடம். அப்பா நெகட்டிவ்ல அதே தென்பெண்ணை ஆத்துல பசங்க குதிச்சிக் குளிக்கிறாங்க. இந்தத் தண்ணில ஒரு காலத்துல எறங்க முடிஞ்சிதுன்னு சொல்றதுக்கு எங்க வீட்டுல இருக்குற ஒரே சாட்சி அந்தக் கட்டுதான்.

சரி, எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணிடலாம்னு முடிவு. கழிச்சிவிட்ட பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒண்ணை வாங்கி, 4 டிபி டிஸ்க் ரெண்டு போட்டு, ஒண்ணுல எழுதுறது இன்னொண்ணுலயும் விழற மாதிரி மிரர் பண்ணி, ட்ரூநாஸ் ஏத்தி மாடி ரூம்ல வெச்சேன். கீழ முன்ரூம்தான் அப்பாவோட பழைய ஸ்டூடியோ. அங்க ஸ்கேனர், ஒரு கம்ப்யூட்டர், ஒரு சின்ன ஸ்விட்ச். 3200 டிபிஐ, 48 பிட்ல ஒரு பிரேம் கிட்டத்தட்ட 80 எம்பி வரும். ஸ்கேன் ஆனதும் நேரா சர்வருக்குப் போயிடும்.

போனா தானே!

நடுவுல நெட்வொர்க் கட் ஆகும். ஸ்கேனர் சாஃப்ட்வேர் அப்படியே தொங்கும். பாதி எழுதுன பைல் உதவாது. ஆறு பிரேம் உள்ள ஸ்ட்ரிப்பை முதல்ல இருந்து போடணும். நான் எலக்ட்ரானிக் சிட்டில ஆணி புடுங்கிட்டு, அத்திப்பள்ளி டிராஃபிக்ல மாட்டி, வீடு வந்து சேரும்போது ராத்திரி ஒன்பது. உக்காந்து பாத்தா எல்லாம் கிளி மாதிரி வேலை செய்யும். ஐபெர்ஃப்3 ஓட்டுனா 940 எம்பிபிஎஸ். ஒரு குறையும் கிடையாது.

ஒரு வாரம் இப்படியே போச்சு. அப்பா ஸ்கேனர் மேல துணியைப் போத்தி மூடிட்டார். "நீ இருக்கப்ப நல்லாத்தான் போவுது. நான்தான் எதையோ தப்பா அமுக்கிடறேன் போல. உடுப்பா, வயசாயிடுச்சி." நாப்பது வருசம் கேமராவைக் கையில வெச்சிருந்த மனுசன். எனக்கு என்னமோ போல ஆயிடுச்சி. சர்வர் ஓடுதா ஓடலையாங்கிறதெல்லாம் அப்புறம். தப்பு அவர் மேல இல்லைன்னு மொதல்ல நிரூபிக்கணும்.

நிற்க. இப்பதான் அந்த ரெண்டு பத்தி.

சர்வர் லாக்ல தேடுனேன். டிஸ்க்ல பிரச்சினை எதுவும் இல்ல. ஆனா 'லிங்க் டவுன்'னு ஒரு வரி, பதினஞ்சு இருபது செகண்ட் கழிச்சி 'லிங்க் அப்'. மேல வர்றது 1000ல இல்ல, 100ல. இதுதான் பெரிய துப்பு. கேபிளுக்குள்ள நாலு ஜோடி கம்பி இருக்கு. 1999ல வந்த 1000பேஸ்-டி தரத்துக்கு நாலு ஜோடியும் வேணும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு ரெண்டே போதும். மத்த ரெண்டு ஜோடில ஒண்ணு தகராறு பண்ணா, லிங்க் விழுந்து, கார்டு 1000க்கு முயற்சி பண்ணிப் பண்ணித் தோத்து, 100க்கு இறங்கிடும். அப்ப கார்டோ, கேபிளோ, ஸ்விட்ச்சோ, மூணுல ஒண்ணு.

ஒண்ணொண்ணா கழிச்சேன். 2010ல வந்த மின்சார சிக்கன வசதி ஒண்ணு இருக்கு, 802.3ஏஇசட். சில கார்டுல அது லிங்கைத் தூங்க வெச்சிக் கழுத்தறுக்கும். எத்டூல் வெச்சி அணைச்சேன், மாத்தமில்ல. ஸ்விட்ச்ல போர்ட் மாத்தினேன், மாத்தமில்ல. வேற கார்டு போட்டேன், அதேதான். ராத்திரி மட்டும் ஏன் 1000ல நிக்குதுங்கிறதுக்கு பதில் அப்பாவோட பழக்கத்துல இருந்துச்சி. சாயங்காலம் ஸ்டூடியோ சுவிட்ச் போர்டையே அணைச்சிட்டுத்தான் எழுந்திருப்பார். நான் வந்து திரும்பப் போட்டதும் லிங்க் புதுசா பேசி 1000ல உக்காந்துடும்.

அப்ப பகல்ல என்ன நடக்குது? இங்கதான் அப்பா வர்றார்.

எந்த ஸ்ட்ரிப் எப்ப கெட்டுச்சின்னு அவர் ஒரு நோட்டுல எழுதி வெச்சிருந்தார். ரோலுக்கு ரோல் வெளிச்சத்தைக் குறிச்சிவெச்ச கை இல்லையா, பக்கத்துலயே 'நல்ல வெயில்', 'மேகமூட்டம்'னும் இருந்துச்சி. லாக்கையும் நோட்டையும் பக்கத்துல வெச்சிப் பாத்தேன். கட் ஆனதெல்லாம் பன்னெண்டுல இருந்து நாலு மணிக்குள்ள. எல்லாமே வெயில் நாள். மூணு நாள் விடாம தூறல் போட்டப்ப ஒரு தடவைகூடக் கட் ஆகல.

கேபிள் மேற்குச் சுவத்துக்கு வெளியில பிவிசி பைப்புக்குள்ள இறங்குது. வீடு கட்டுனப்பவே ஆள் வெச்சி இழுத்தது. ஞாயித்துக்கிழமை பைப்பைக் கழட்டுனா, வளைவுக்குள்ள ஒரு ஜாயிண்ட்! எட்டு கம்பியையும் முறுக்கி டேப் சுத்தியிருக்கு. பிளேடால கம்பியைச் சுரண்டினா உள்ள வெள்ளையா மின்னுது. செம்பு இல்ல, செம்பு முலாம் பூசுன அலுமினியம். அலுமினியம் சூட்டுல செம்பைவிட அதிகமா விரியும், காத்துப் பட்டா மேல ஆக்சைடு படியும். முறுக்கி விட்ட ஜாயிண்ட் இதையெல்லாம் தாங்காது. பழுப்பு ஜோடி தொட்டாலே ஆடுச்சி. மேற்கு வெயில் ஏற ஏற தொடர்பு விட்டுப்போகும், ராத்திரி குளிர்ந்ததும் ஒட்டிக்கும்.

இருபத்திரண்டு மீட்டர் முழுச் செம்பு கேட்6 வாங்கி, ஜாயிண்ட் இல்லாம, மாடிப்படி வழியா வீட்டுக்குள்ளயே இழுத்தாச்சி. நாலு மாசம் ஆச்சு. சித்திரை வெயில்லயும் ஒரு 'லிங்க் டவுன்' கிடையாது, அப்பா போர்டை அணைக்கிறப்ப வர்றதைத் தவிர.

அந்தப் பழைய ஜாயிண்ட்டை வெட்டி அப்பா கையில குடுத்தேன். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுத் திருப்பித் திருப்பிப் பாத்தார். "அப்ப நான் இல்ல" அப்படின்னார். அவ்ளோதான். மறுநாள் துணியை எடுத்துட்டு ஸ்கேன் ஆரம்பிச்சிட்டார். அணைக் கட்டு முழுசா முடிஞ்சிது. பூஞ்சை தின்னது போக நூத்திப்பதினோரு பிரேம் தேறிச்சி.

பி.கு: உங்க வீட்டுலயும் அப்பா அம்மா "நான் தொட்டாலே கெட்டுப்போவுது"ன்னு சொன்னா, அவங்க தொடுற நேரத்துல போய்ப் பக்கத்துல உக்காருங்க. அப்புறம், மிரர் இருக்குன்னு மெத்தனமா இருக்காதீங்க. தப்பா ஒண்ணை அழிச்சா ரெண்டு டிஸ்க்லயும் சேந்துதான் அழியும். எங்களுது இன்னொரு காப்பி சேலத்துல அக்கா வீட்டுப் பீரோவுல இருக்கு.