நிழல் மனிதர்கள்

கல்லூரிப் பிள்ளைகளின் பேச்சில் இப்போது ஒரு சொல் அடிக்கடி வந்து விழுகிறது: என்பிசி. கணினி விளையாட்டில் தெருவோரம் நிற்கும், கடையில் உட்கார்ந்திருக்கும், கிட்டப் போனால் எழுதிவைத்த இரண்டு வரியைச் சொல்லும் பாத்திரங்களுக்கு அந்தப் பெயர். விளையாட்டுக்குள் இருக்கும்வரை சரிதான். பஸ் கண்டக்டரையும், சிலிண்டர் கொண்டுவருபவரையும், வகுப்பில் வாய் திறக்காத பையனையும் அந்தப் பெயரால் குறிப்பிட்டுச் சிரிக்கும்போது எனக்கு மனசு பதறுகிறது. “இந்த உலகமே ஒரு சிமுலேஷனா இருக்கலாம் தாத்தா, பெரிய பெரிய ஆளுங்களே சொல்றாங்க” என்று நியாயமும் சொல்கிறார்கள். சரி, அந்தப் பெரிய ஆட்கள் சொன்னதை முழுசாகப் பார்ப்போம்.

நிக் பாஸ்ட்ரம் என்ற தத்துவவாதி 2003-இல் ‘பிலாசஃபிகல் குவார்ட்டர்லி’ இதழில் எழுதிய கட்டுரைதான் இந்தப் பேச்சுக்கு வேர். நாம் சிமுலேஷனில், அதாவது கணினிக்குள், வாழ்கிறோம் என்று அவர் அதில் அடித்துச் சொல்லவில்லை. மூன்றில் ஒன்று உண்மையாக இருக்க வேண்டும் என்கிறார். மனிதரைப் போன்ற இனங்கள் ஒரு முழு உலகைக் கணினியில் ஓட்டும் திறன் வருமுன்பே பெரும்பாலும் அழிந்துவிடும். அல்லது திறன் வந்தாலும் தம் முன்னோரின் வாழ்க்கையை அப்படி ஓட்டிப் பார்க்க அவற்றுக்கு விருப்பம் இருக்காது. இவை இரண்டும் இல்லையென்றால், அப்படி ஓட்டப்படும் உலகங்கள் ஏராளமாக இருக்கும், நாமும் அவற்றில் ஒன்றில் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். மூன்றாவதை மட்டும் பிடித்துக்கொண்டவர்கள்தான் அதிகம். ஈலான் மஸ்க் 2016-இல் ஒரு மேடையில், நாம் அசல் உலகில் இருப்பதற்குக் கோடிக்கணக்கில் ஒரு பங்குதான் வாய்ப்பு என்றார். இரண்டு கோடும் ஒரு புள்ளியுமாக இருந்த ‘பாங்’ விளையாட்டிலிருந்து நாற்பது ஆண்டுகளில் இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்பது அவர் கணக்கு. உலகம் முழுக்கப் பரவியது அந்தக் கணக்குதான்.

பாஸ்ட்ரம் கட்டுரை அச்சாகும் முன்பே, 2001-இல், ராபின் ஹான்சன் என்ற அமெரிக்கப் பொருளியல் பேராசிரியர் இப்படிப்பட்ட உலகில் எப்படி வாழ்வது என்று யோசித்து எழுதினார். சிமுலேஷனில் இருக்கலாம் என்று தோன்றினால் மற்றவர்களைப் பற்றிக் கொஞ்சம் குறைவாகக் கவலைப்படு, இன்றைக்காக வாழ், பார்ப்பவருக்குச் சுவாரசியமாக இரு, உன்னைச் சுற்றியுள்ள புகழ்பெற்றவர்களை மகிழ்ச்சியாக வைத்துக்கொள் — அவர் வாதம் இப்படிப் போய் முடிகிறது. தர்க்கத்தில் பிசகு இல்லாமல் இருக்கலாம். ஆனால் எழுபதைத் தாண்டிய நான், சிமுலேஷன் என்ற பேச்சையே கேட்டிராத பலர் இதே நான்கு விதிகளோடு வாழ்ந்ததைப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய கடைசிக் காலத்தையும் பார்த்திருக்கிறேன். அந்த வாழ்க்கையை எந்தப் பிள்ளைக்கும் நான் சொல்லித்தர மாட்டேன்.

பாஸ்ட்ரமும் ஓரிடத்தில் ‘நிழல் மனிதர்கள்’ பற்றிப் பேசுகிறார். செலவைக் குறைக்கச் சிலருக்கு மட்டும் மனம் கொடுத்து, மற்றவர்களை வெளித்தோற்றமாக மட்டும் ஓட்டலாமே என்ற கேள்வி. அவரே அதற்குத் தடையும் போடுகிறார்: அச்சு அசலாக மனிதர்போல நடந்துகொள்ளும் ஒன்று, உள்ளே உணர்வே இல்லாமல் இருக்க முடியுமா என்பதே தெளிவில்லை. பிள்ளைகள் இந்த வரியையும் படித்திருக்கலாம்.

என் மனைவிக்குப் பல ஆண்டுகள் ஒற்றைத் தலைவலி. ஸ்கேன் எடுத்தால் ஒன்றும் தெரியாது. ஜன்னலை அடைத்து, தலையில் துணியைக் கட்டி, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். அந்த வலியை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்தேன். அது போதுமானதாக இருந்தது. அடுத்தவர் வலிக்கு இதைவிடப் பெரிய சாட்சி அசல் உலகத்திலும் கிடைக்காது, கணினி உலகத்திலும் கிடைக்காது.

நம் சைவ சித்தாந்தத்தை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் பன்னிரண்டு சூத்திரங்களில் செய்த சிவஞானபோதத்தின் மரபில், உலகம் மாயையிலிருந்து வந்தது. ஆனாலும் அது பொய்யன்று. மாயையும் உள்பொருளே. உடம்பும் கருவிகளும் உலகும் நுகர்பொருளும் அதிலிருந்து உயிர்களுக்காக ஆக்கப்பட்டவை. உயிர்களோ எண்ணற்றவை, ஒன்று இன்னொன்றின் கனவாவதில்லை. ஆஸ்திரேலியத் தத்துவவாதி டேவிட் சால்மர்ஸ் 2022-இல் வெளியிட்ட ‘ரியாலிட்டி பிளஸ்’ நூலில் வேறு வழியாக வந்து, நாம் சிமுலேஷனில் இருந்தாலும் மரமும் மேசையும் உண்மைதான், அவை எதனால் ஆனவை என்பதுதான் மாறும் என்கிறார். இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. ஒன்றில் இறைவனின் அருள் இருக்கிறது, மற்றதில் கணினிதான். ஆனாலும், ஒருவர் ஆக்கிய உலகம் என்பதாலேயே அது பொய் உலகமாகிவிடாது என்பதை இரண்டிலுமே காண்கிறேன்.

எனக்குப் பெரிதாகப் படுவது பாஸ்ட்ரமின் இரண்டாவது வாய்ப்பு. அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. திறன் இருந்தும் ஓட்டாமல் விடுவதற்கு அறம் ஒரு காரணமாகலாம், உள்ளே இருப்பவர்கள் படப்போகும் துன்பமே தடுக்கலாம் என்று அவர் எழுதுகிறார். கணினி படிக்கும் பிள்ளைகள் நாம் உள்ளே இருக்கிறோமா என்று கேட்பதோடு, வெளியே உட்கார்ந்து ஓட்டுகிறவர்களாக இருந்தால் என்ன செய்வோம் என்றும் கேட்க வேண்டும். முன்னோர் வரலாற்றை அப்படியே ஓட்டுவதென்றால் 2004 டிசம்பர் 26-ஐயும் ஓட்ட வேண்டும். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் அன்று சுனாமியில் 6,000 பேருக்கு மேல் போனார்கள். அந்தக் காலையை, அந்தத் தாய்மாரை, உணர்வோடு இன்னொரு முறை உண்டாக்க எந்த ஆராய்ச்சியின் பெயராலும் நான் சம்மதிக்க மாட்டேன். எனக்குத் தெரிந்த பிள்ளைகளில் ஒருவர்கூடச் சம்மதிக்க மாட்டார் என்றே நம்புகிறேன். அப்படி மறுக்கும்போது, உள்ளே இருப்பவர்களை என்பிசி என்று அவர்கள் நினைக்கவில்லை.