அம்பிட்டியவிலிருந்து ஒரு மலைச்சுற்று

கண்டி வாவியைச் சுற்றி வந்து, தென்கிழக்கே பிரியும் வீதியில் இரண்டு கல் தொலைவு ஏறிச் சென்றால் அம்பிட்டிய என்னும் எங்கள் ஊர் வரும். கண்டிக்கு வரும் யாத்திரிகர்கள் தலதா மாளிகையைத் தரிசித்து, வாவிக் கரையில் சிறிது உலாவி, வந்த வழியே திரும்பிவிடுவர். அம்பிட்டியவை எட்டிப் பார்ப்போர் அரிது. ஆயினும் ஒரு காலத்தில் கடல் கடந்து இந்த மேட்டுக்கு வந்தோர் பலர் இருந்தனர். பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயரின் விருப்பப்படி 1893ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற குருமடத்தில், இந்தியாவின் பல பாகங்களிலிருந்தும் இளைஞர்கள் வந்து கல்வி பயின்றனர். 1955இல் அக்கலாசாலை பூனா நகருக்கு மாற்றப்பட, இலங்கை மாணவருக்கான தேசியக் குருமடம் இங்கே நிலைபெற்றது.

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையினர் வசிக்கிறோம். எழுபத்தாறு வயதான என் தாயார், நானும் மனைவியும், உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகன், பதினொரு வயது மகள். பாடசாலை விடுமுறையில் எங்கேனும் செல்ல வேண்டும் என்று பேச்சு எழுந்தபோது பிள்ளைகள் இருவரும் நுவரெலியா என்றார்கள். என் மனைவி யாழ்ப்பாணத்தவள். குளிர் இல்லாத இடமாக இருந்தால் எங்கேயும் சம்மதம் என்றாள். வழக்கமாக இவ்விஷயங்களில் வாய் திறவாத தாயார், "ஹேவாஹெட்டைப் பக்கம் போவோமே" என்றார். அதற்குமேல் வாதம் இல்லை.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தாயார் பிறந்ததும் கொழுந்து பறித்ததும் அப்பக்கத்துத் தோட்டம் ஒன்றிலே. அவருடைய அக்காள் இப்பொழுது நீலகிரியில், கோத்தகிரிக்கு அருகே வாழ்கிறார். 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் திகதி செய்யப்பட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பின்னர் 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டனர். எண்களாகப் பார்த்தால் கணக்கு நேராகவே இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் பாட்டனார் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டார்; பெரியம்மாவின் கணவர் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். 1974இல் கண்டிப் புகையிரத நிலையத்தில் இரு சகோதரிகளும் பிரிந்தனர். தலைமன்னாருக்குச் சென்ற அந்த வண்டிகளுக்கு மலையகத்து மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பெயர் வைத்திருந்தார்கள். பெரியம்மா நீலகிரியிலும் கொழுந்துக் கூடையைத்தான் சுமந்தார். தாயகம் திரும்பியோருக்கென்று தமிழ்நாட்டரசு அமைத்த தேயிலைத் தோட்டங்களிலே அவருடைய உழைப்புக் காலம் கழிந்தது.

எண்பது வயதான அவர், சென்ற மாதம் தொலைபேசியில் பேசுகையில் தங்கையிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "கோயிலடிப் பலாமரம் இன்னும் இருக்கா?"

அதனைப் பார்த்துச் சொல்லவே இந்தப் பிரயாணம்.

வாடகைக்கு அமர்த்திய வான் காலை 6 மணிக்கெல்லாம் வாசலில் வந்து நின்றது. புளிச்சாதமும் அவித்த முட்டையும் போத்தல் நிறையத் தேநீருமாகப் புறப்பட்டோம். அம்பிட்டியவிலிருந்து தலாத்துஓயா வரை வீதி மலையின் இடுப்பைச் சுற்றி வளைந்து வளைந்து செல்கிறது. வளைவுக்கு வளைவு காட்சி மாறும். ஒருபுறம் கித்துல் மரங்களும் மிளகுக்கொடி படர்ந்த வீட்டுத் தோட்டங்களும். மறுபுறம் பனிமூட்டம் நிரம்பிய பள்ளத்தாக்கு. தலாத்துஓயாவைக் கடந்த பின் ஏற்றம் கடுமையாகிறது. மிளகும் கராம்பும் மெல்ல விடைபெற, தேயிலை தலைகாட்டுகிறது. மகள் இரண்டு முறை வானை நிறுத்தச் செய்தாள். மலைப்பாதைப் பிரயாணத்தில் எலுமிச்சம்பழம் கைவசம் இருத்தல் நலம் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன்.

தாயாரின் தோட்டத்தை அடைந்தபோது 9 மணி. லயங்கள் அவ்விடத்திலேயே இருந்தன. கூரைத் தகரம் மட்டும் புதியது. பெரட்டுக்களம், பிள்ளைக்காம்பரா, மாரியம்மன் கோயில் என்று ஒவ்வொன்றையும் தாயார் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டே நடந்தார். கோயிலுக்குப் புதுவர்ணம் தீட்டியிருந்தார்கள். அதன் பக்கத்திலே, பலாமரம் நின்ற இடத்தில், சீமெந்தினால் கட்டிய தண்ணீர்த் தொட்டி ஒன்று இருந்தது. மரத்தை எப்பொழுது வெட்டினார்கள் என்று அங்கே தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்ணைக் கேட்டோம். அவளுக்கு நினைவு தெரிந்த நாள் முதல் தொட்டிதான் இருக்கிறதாம்.

தாயார் தொட்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தார். பின்பு, "வாங்க, நேரமாகுது" என்று வானை நோக்கிப் போய்விட்டார். மகன் கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்துக் கோத்தகிரிக்கு அழைத்துப் பார்த்தான். அலைவரிசை கிட்டவில்லை.

அங்கிருந்து லூல்கந்துரவுக்குச் சென்றோம். இலங்கைத் தேயிலையின் வரலாறு தொடங்கும் இடம் இதுவே. ஸ்கொத்லாந்தில் பிறந்த ஜேம்ஸ் டெயிலர் 1852இல் இங்கு வந்தபோது மலைநாடெங்கும் கோப்பியே பயிராயிற்று. 1867இல் அவர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இரண்டே ஆண்டுகளில், 1869இல், கோப்பி இலையில் துருநோய் தோன்றிற்று. அது அப்பயிரையே அழித்தொழித்தபோது தோட்டத்துரைமாருக்குக் கைகொடுத்தது டெயிலரின் தேயிலை. தொடக்கத்தில் தம் வீட்டு விறாந்தையிலேயே இலையைக் கையால் கசக்கிப் பதப்படுத்தியவர் அவர். 1873இல் லண்டனுக்குச் சென்ற முதற்சரக்கு 23 இறாத்தல் என்பர்.

1892ஆம் ஆண்டு மே 2ஆம் திகதி அவர் காலமானார். 24 தொழிலாளர்கள் இரு அணிகளாகப் பிரிந்து, தோள் மாற்றித் தோள் மாற்றிப் பேழையைக் கண்டிவரை சுமந்து சென்றனர். மஹியாவை மயானத்திலுள்ள கல்லறையில் அவர் பெயரும் தோட்டத்தின் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளன. 'சாமி துரை' என்று அவரை அழைத்த அந்த 24 பேரின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

பழைய தேயிலைத் தூர்கள் இன்றும் நிற்கின்றன. கவ்வாத்துச் செய்யாமல் விட்டால் தேயிலை செடியன்று, மரம் என்பதைப் பிள்ளைகள் அன்றுதான் அறிந்தனர். தாயார் ஒரு தூரைத் தடவிப் பார்த்து, எங்கே வெட்டினால் எத்தனை கிளை வெடிக்கும் என்று விளக்கினார். மேலே, டெயிலர் ஓய்வாக அமர்ந்து மலைகளை நோக்கியதாகச் சொல்லப்படும் கல்லாசனம் இருக்கிறது. ஏற்றத்தைக் கண்டு தாயாரைக் கீழேயே இருக்கச் சொன்னேன். அவர் காது கொடுக்கவில்லை. கணுக்காலுக்குமேல் சேலையைச் சற்று உயர்த்திச் செருகிக்கொண்டு, மூச்சு வாங்கிய பேரனைப் பின்னே விட்டு முன்னே சென்றார். நானும் மனைவியும் கடைசியாகத்தான் மேலே சேர்ந்தோம். காலில் ஏறிய அட்டைகளைப் பிடுங்கி எறிவதற்கே எனக்கு நேரம் சரியாக இருந்தது.

நாங்கள் மேலே சென்றபோது தாயார் அந்தக் கல்லில் அமர்ந்திருந்தார்.

"நாப்பது வருஷம் மலையில நின்னேன். ஒருநாளாச்சும் உக்கார விட்டிருப்பாரா கங்காணி?" என்று சிரித்தார்.

எதிரே மலைத்தொடர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நீலம் வெளிறிக்கொண்டே போய் வானத்தோடு கலந்தன. அவ்வுயரத்தில் அலைவரிசை கிடைத்தது. சிறு திரையில் பெரியம்மாவின் முகம் தோன்றிற்று. அவருக்குப் பின்னாலும் ஒரு தேயிலை மலை. இரு மலைகளையும் மகன் மாறி மாறிக் காட்டினான். இருவரும் சிறிது நேரம் பேசவே இல்லை. பின்பு முழங்கால் வலியைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசினார்கள். முடிவில் பெரியம்மா அதைக் கேட்டார்.

"இருக்குக்கா. இந்த வருஷம் நல்லாக் காய்ச்சிருக்கு" என்றார் தாயார்.

மகள் வாய் திறந்தாள். என் மனைவி அவள் கையைப் பற்றி மெல்ல அழுத்தினாள்.

தெல்தோட்டை, கலஹா வழியாக இறங்கினோம். இவ்வழி நெடுகிலும் தேயிலைதான். ஆயினும் பல மலைகளில் புல்லும் புதரும் மண்டிக் கிடப்பதைக் காணும்போது மனம் வாடுகிறது. கலஹா வீதி முடியுமிடத்தில், ஹந்தானை மலையடிவாரத்தில், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நடுவாகவே வண்டி செல்கிறது. 1952இல் மாணவர்கள் கொழும்பிலிருந்து இங்கு குடியேறினர். அவ்வளவு நேரமும் தூங்கிவழிந்த மகன் நிமிர்ந்து உட்கார்ந்து இருபுறமும் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை, பரீட்சை அண்மித்துவிட்டது.

பிற்பகல் 3 மணிக்குப் பேராதனைப் பூங்காவில் நுழைந்தோம். மகாவலி கங்கை மூன்று புறமும் வளைந்தோட, 147 ஏக்கரில் விரிந்திருக்கும் இச்சோலை 1821இல் தாவரவியல் தோட்டமாக அமைக்கப்பெற்றது. சீனத்துத் தேயிலைக் கன்று 1824இல் முதன்முதலாக இங்குதான் வளர்க்கப்பட்டது. டெயிலர் நட்ட விதையும் இங்கிருந்து சென்றதே. ஆகவே நாங்கள் தேயிலை ஏறிய வழியில் இறங்கி வந்திருந்தோம். நிழல் பரப்பி நிற்கும் பேராலின் கீழ்ப் புளிச்சாதத்தில் எஞ்சியதை முடித்தோம். பனைமர வீதியைக் கண்டதும் மனைவியின் நடை தளர்ந்தது. "இங்க நுங்கு வெட்டமாட்டினம் போல" என்று ஏக்கத்தோடு அண்ணாந்து பார்த்தாள். மகளுக்கோ தலைகீழாகத் தொங்கும் வௌவால்களைவிட்டு அகல மனமில்லை.

பெருமக்கள் நட்ட மரங்களின் கீழ்ப் பெயர்ப்பலகைகள் உண்டு. மகள் ஒவ்வொன்றாக வாசித்துச் சொல்லிவந்தாள். பிற்காலத்தில் ரஷ்யப் பேரரசரான நிக்கொலாஸ் 1891இல் நட்டது. ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் 1901இல் நட்ட நாகலிங்கம். விண்வெளி வீரர் யூரி ககாரின் 1961இல் நட்டது. தாயார் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு வந்தார்.

"நட்டவங்க பேரு இருக்கு. தண்ணி ஊத்தினவங்க பேரு எங்கம்மா?" என்று பேத்தியைக் கேட்டார். அவள் பலகையின் பின்புறத்தையும் சென்று பார்த்து, "இல்லை அப்பாயி" என்றாள். அச்சந்தர்ப்பத்தைப் பற்றிக்கொண்டு, அவள் அன்று முழுவதும் அடக்கிவைத்திருந்த கேள்வியையும் கேட்டுவிட்டாள்: மரம் இல்லாதபோது இருக்கிறது என்று ஏன் சொன்னீர்கள்?

"எண்பது வயசுல அவ அங்க அழுதா, பக்கத்துல இருந்து சமாதானம் பண்ண நானா இருக்கேன்?"

மாலை 6 மணிக்கு அம்பிட்டிய வந்து சேர்ந்தோம். வானுக்குக் கூலி கொடுத்துத் திரும்புகையில் தாயார் கால்களை வெந்நீரில் வைத்துக்கொண்டு, பரம சௌக்கியமாகத் தேநீர் அருந்திக்கொண்டிருந்தார். கால்வலி என்று படுத்தவன் நான்தான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது கோத்தகிரியிலிருந்து செய்தி வந்திருக்கிறது. பலாமரத்தைப் படம் எடுத்திருந்தால் அனுப்பிவைக்கும்படி பெரியம்மா கேட்டிருக்கிறார். பேராதனையில் எடுத்த படங்களுள் எங்கேனும் ஒரு பலாமரம் அகப்பட்டிருக்கிறதா என்று தாயாரும் பேரனும் தலையோடு தலை சேர்த்துத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.