உட்கார்ந்து குடிக்க ஓர் இடம்

எங்கள் ராஜா அண்ணாமலைபுரத்தில் இருநூறு வருஷத்துக்கும் மேல் பழமையான ஒரு கட்டிடத்தில் பார் இருக்கிறது. நான் உள்ளே போனதில்லை. அடையாறு கிளப் கேட் ரோட்டில் இருக்கும் மெட்ராஸ் கிளப்தான் அது. ஆற்றைப் பார்த்த வெள்ளை மாளிகை, உச்சியில் குவிமாடம். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜார்ஜ் மௌப்ரே என்ற கம்பெனி அதிகாரி கட்டிக்கொண்ட தோட்ட வீடு. டி.டி.கே. சாலைக்கு முன்பிருந்த மௌப்ரேஸ் ரோடு என்ற பேர் இவருடையதுதான். 1832இல் தொடங்கிய மெட்ராஸ் கிளப், 1963இல் இங்கிருந்த அடையாறு கிளப்போடு சேர்ந்து இங்கேயே வந்துவிட்டது. சுதந்திரம் கிடைத்துப் பல வருஷம் ஆகியும் அதில் இந்தியர்கள் மெம்பர் ஆக முடியாமல் இருந்தது.

லண்டனில் பிளாக் ஃபிரையர் என்று ஒரு பப். உள்ளே சுவரெல்லாம் குண்டுத் துறவிகளின் சிற்பம், 1905 வாக்கில் செய்தது. 1960களில் இடிக்கப் பார்த்தபோது ஜான் பெட்ஜமன் என்ற கவிஞரும் மற்றவர்களும் போராடிக் காப்பாற்றினார்கள். ஒரு கிளாஸ் பீருக்குக் காசு இருந்தால் யாரும் போய் உட்காரலாம்.

இங்கே ஏன் அப்படி ஒன்று இல்லை? ‘நம்ம கலாச்சாரம்’ என்பார்கள். கள்ளுக்கடை இல்லாத கலாச்சாரமா! 1937இல் சேலத்தில் மதுவிலக்கு, 1948இல் மாகாணம் முழுக்க. 1971இல் திறந்தார்கள், 1974இல் மூடினார்கள், 1981இல் திரும்பத் திறந்தார்கள். 2003இலிருந்து சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கையில். நடுநடுவே அறுந்துகொண்டே இருந்தால் எந்த மேஜை பழசாகும்? கடையை ஒட்டிய பாரை ஏலம் எடுப்பவருக்குச் சில வருஷக் குத்தகைதான். அவர் எதற்குத் தேக்கு மரத்தில் கவுண்ட்டர் போடப் போகிறார்? பிளாஸ்டிக் நாற்காலி போதும். கேட்டும் மெம்பர் லிஸ்ட்டும் வைத்திருந்தவர்களின் அறைகள்தான் அப்படியே தப்பித்தன. எனக்கு எரிச்சல் அதில்தான்.

அப்பா முப்பது வருஷமாக நின்றுகொண்டேதான் குடிக்கிறார். பிளாஸ்டிக் டம்ளர், தண்ணி பாக்கெட், அஞ்சு நிமிஷம், வாயில் பாக்கு, வீடு. அவர் உட்கார்ந்து, பேசிக்கொண்டே குடித்து நான் பார்த்ததில்லை. குடி என்றால் ஒளிந்து முடிக்கிற வேலை என்றே அவருக்குப் பழகிவிட்டது. நிதானமாகக் குடிப்பதற்கும் ஒரு இடம் வேண்டுமில்லையா? 2014இல் வேட்டியோடு வந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே சேப்பாக்கத்தில் ஒரு கிளப்பில் தடுத்தார்கள். அதே வருஷம் அதற்கு எதிராகச் சட்டமும் வந்தது. ஆக அப்பாவை வேட்டிக்காகத் தடுக்க முடியாது. மெம்பர் இல்லை என்று தடுக்கலாம்.

போன வருஷம் முதல் தடவையாக அவரை ஒரு ஸ்டார் ஹோட்டல் பாருக்குக் கூட்டிப்போனேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்து மெனுவில் விலையை மட்டும் பார்த்தார். “எனக்கு லைம் சோடா சொல்லுடா.”

“காசு நான் குடுக்கறேம்பா.”

“அதுக்கில்லடா. இங்க எறங்காது.”

திரும்பும் வழியில் கடையைப் பார்த்ததும் தோளைத் தட்டினார். “ரெண்டு நிமிஷம் நிறுத்து.” நான் வண்டியிலேயே இருந்தேன்.