பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்த கொடுங்கோலர்கள்

எங்க வீட்டில் போன வாரம் முழுக்க ரோமாபுரிதான். எட்டாவது படிக்கும் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். ரோமை ஆண்டவர்களிலேயே ரொம்பக் கொடூரமான, ரொம்ப ஊழல் பிடித்த ஒருத்தரைத் தேர்ந்தெடுத்து, ஏன் அவர்தான் என்று இரண்டு பக்கம் எழுதணும். ரசம் ஆறிக்கொண்டிருக்க, சாப்பாட்டு மேஜையில் மூன்று பேரும் வேட்பாளர் தேர்வில் இறங்கினோம்.

போட்டி கொஞ்சம் கடுமைதான். டைபீரியஸ் கடைசிப் பத்து வருஷம் காப்ரித் தீவில் உட்கார்ந்தபடியே ராஜத்துரோக வழக்குகளில் ஆட்களைத் தீர்த்துக்கட்டியவர். கலிகுலா, டைபீரியஸ் சேர்த்து வைத்துப் போன 270 கோடி செஸ்டெர்ஸை (ரோமானியக் காசுக் கணக்கு) ஒரே வருஷத்தில் ஊதித் தள்ளிவிட்டு, பணக்காரர்களின் உயிலில் தன் பெயரை எழுத வைத்தவர். நீரோவுக்கு அறிமுகம் வேண்டாம். கொமோடஸ் ராஜ்ஜியத்தை விட்டுவிட்டு மல்லர்களோடு களத்தில் இறங்கிச் சண்டை போட்டவர். எனக்குப் பிடித்த ஆள் டிடியஸ் ஜூலியானஸ். கி.பி. 193-ல் அரண்மனைக் காவற்படை சிம்மாசனத்தையே ஏலம் விட, தலைக்கு 25,000 செஸ்டெர்ஸ் என்று கேட்டு எடுத்தார். மொத்தம் 66 நாள் ஆட்சி. ஓட்டுக்குப் பணம் வாங்கும் நம்மாட்கள் இவர்கள் கால் தூசிக்குக் காணாது :-)

இந்தக் கதைகளில் பாதியை எழுதியவர்கள் செனட் வட்டாரத்துப் பெரிய மனிதர்கள். சக்கரவர்த்திகளை அவர்களுக்கு ஆகாது. ரோம் எரிந்தபோது நீரோ பிடில் வாசித்த கதையும் அப்படித்தான். பிடில் என்ற வாத்தியமே அப்போது கிடையாது. தீ பிடித்த நேரத்தில் அவர் ஊரிலேயே இல்லை, ஆன்டியத்தில் இருந்தார் என்று டாசிடஸே எழுதியிருக்கிறார். ஆனாலும் அம்மாவைக் கொன்றது, மனைவியைக் கொன்றது எல்லாம் கட்டுக்கதை இல்லை. மகள் நீரோ பக்கம் சாய்ந்துவிட்டாள்.

"ஏனுங்க, எங்கேயோ இருந்தவங்க கதை, நமக்கெதுக்குங்க?" என்றாள் மனைவி, தட்டுகளை அடுக்கிக்கொண்டே.

அங்கேதான் விஷயம். எங்கேயோ இல்லை, இவர்கள் எல்லாம் எங்க ஊர்ப் பக்கம் வந்து போனவர்கள்!

எனக்குக் கொழிஞ்சாம்பாறை. பாலக்காட்டுக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவே, கேரளத்துக்குள் இருந்துகொண்டு கொங்குத் தமிழ் பேசுகிற ஊர். சித்தியைக் கட்டிக் கொடுத்தது மூணாறுப் பக்கம் எஸ்டேட்டில். பள்ளி விடுமுறைக்கு உடுமலை போய், சின்னாறு, மறையூர் வழியாக பஸ் ஏறுவோம். மறையூர்ப் பாறை மேல் முனியறைக் கற்களை ஜன்னல் வழியாக எண்ணிக்கொண்டு போவது வழக்கம். சித்தி வீட்டுப் பின்னால் மிளகுக் கொடி. திரும்பி வரும்போது ஒரு துணிப்பையில் நல்லமிளகு கட்டிக் கொடுத்து விடுவார்.

அந்த உடுமலைப் பக்கத்தில்தான் பூதிநத்தம். 1946-ல் அங்கே மண்ணுக்குள்ளிருந்து 1,300-க்கும் அதிகமான ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. தெனாரியஸ் என்று பெயர். பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் முகம் போட்டவை. கோவையை ஒட்டிய வெள்ளலூரில் 1842-ல் ஐந்நூறுக்கும் மேல். அதில் கலிகுலா, கிளாடியஸ் காசுகளும் சில. பொள்ளாச்சியிலும் கிடைத்திருக்கிறது, கரூரிலும் கிடைத்திருக்கிறது. மேற்கே திருச்சூர்ப் பக்கம் எய்யாலில் 1940-களில் ரோமானியப் பொன்னும் வெள்ளியும், நம்மூர் முத்திரைக் காசுகளோடு ஒரே புதையலில். வரைபடத்தில் புள்ளி வைத்து இணைத்தால் நடுவில் வருவது பாலக்காட்டுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு முப்பது நாற்பது கிலோமீட்டருக்கு வழி விட்டு நிற்கும் இடம். முசிறியில் இறங்கியது இந்த வாசல் வழியாகத்தான் கொங்கு நாட்டுக்குள் வந்தது.

யவனர்கள் பொன்னைக் கொண்டுவந்து மிளகை ஏற்றிப் போனதை அகநானூறு சொல்கிறது. அதே கணக்கு அந்தப் பக்கத்திலும் இருக்கிறது. பிளினி எழுதுகிறார், இந்தியாவுக்கு மட்டும் வருஷத்துக்கு 5 கோடி செஸ்டெர்ஸ் போகிறதாம். ரோமில் கருமிளகு ஒரு ராத்தல் 4 தெனாரியஸ். அந்தக் காலத்துச் சிப்பாய்க்கு வருஷச் சம்பளம் 225. கணக்குப் போட்டுப் பாருங்கள், முழுச் சம்பளத்துக்கும் வாங்கினால் 18 கிலோ மிளகு! எங்க சித்தி துணிப்பையில் கட்டிக் கொடுத்தது ஒரு சிப்பாயின் ஒரு மாதச் சம்பளத்துக்குக் குறையாது.

இந்த வியாபாரத்தில் அரசாங்கத்துக்குக் கால் பங்கு. செங்கடல் வழியாக வரும் சரக்குக்கு நூற்றுக்கு 25 வரி. வியன்னாவில் இருக்கும் ஒரு பாப்பிரஸ் ஓலையில் முசிறியிலிருந்து போன ஒரு கப்பலின் சரக்குக் கணக்கு இருக்கிறது (இரண்டாம் நூற்றாண்டு). அந்த ஒற்றைக் கப்பலின் சரக்கு மதிப்பு கிட்டத்தட்ட 70 லட்சம் செஸ்டெர்ஸ். நம்ம மலையில் யாரோ ஏணி வைத்து ஏறிப் பறித்த மிளகின் காசில்தான் அரண்மனைகளில் அடுப்பு எரிந்தது என்று சொன்னால் ரொம்ப மிகையில்லை. டைபீரியஸே கி.பி. 22-ல் செனட்டுக்கு எழுதிய கடிதத்தில், பெண்களின் நகைக் கல்லுக்காக நம் பணமெல்லாம் அந்நியர்களுக்குப் போகிறது என்று புலம்பியிருக்கிறார். அந்த அந்நியர்கள் நாம்தான். கலிகுலாவின் மனைவி லொல்லியா பௌலினா 4 கோடி செஸ்டெர்ஸுக்கு முத்தும் மரகதமும் அணிந்து, பில்லைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிச்சயதார்த்த விருந்துக்கு வந்தாராம். சொத்து வந்த வழி? அவர் தாத்தா கிழக்கு தேசத்து ராஜாக்களிடம் வாங்கிய லஞ்சம். தாத்தா மாட்டிக்கொண்டு விஷம் குடித்தார். பேத்திக்கு நகை மிஞ்சியது.

இனி நீரோவுக்கு வருகிறேன். கி.பி. 64-ல் ரோம் எரிந்தது. ஊரைத் திரும்பக் கட்டணும், தனக்குப் பொன்மாளிகை ஒன்றும் கட்டணும். அந்த வருஷமே காசில் கை வைத்தார். அதுவரை ஒரு ராத்தல் வெள்ளியில் 84 தெனாரியஸ் அடித்தார்கள், இனிமேல் 96. வெள்ளியில் கலப்படமும் ஏறியது. நம் பக்கத்துப் புதையல்களில் வெள்ளி என்றால் ஏறக்குறைய எல்லாமே இதற்கு முந்தின காசுதான். அதற்குப் பிறகு வருவது பெரும்பாலும் தங்கம்.

எங்க அப்பாரு ஒரு எழுத்துகூடப் படித்ததில்லை, ஆனால் இது அவருக்குத் தெரியும். ராணிக் காசு, மொட்டைத்தலை ராஜா காசு, ஜார்ஜ் காசு என்று பிரித்து வைத்திருப்பார். 1940-ல், யுத்த காலத்தில், பிரிட்டிஷ்காரன் ரூபாயில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தான். "புதுக் காசைச் சந்தைக்குக் கொண்டு போ கண்ணு, ராணிக் காசைப் பானைக்குள்ள போடு" என்பது அவர் பொருளாதாரம். அந்த ராணி பேரில் நடந்த ஆட்சியில் பஞ்சத்தில் செத்தவர்கள் எத்தனை லட்சம்! அப்பாருவுக்கு அவள் நல்ல ராணி. காசைச் சுண்டினால் கணீரென்று சத்தம் கேட்கும், அவ்வளவுதான்.

நாம் மட்டும் என்ன? காலையில் பல் விளக்குமுன் டாலர் எவ்வளவு என்று போனில் பார்க்கிறோம். இங்கே யார் ஆள்கிறார், என்ன செய்கிறார் என்பதெல்லாம் ரேட்டுக்குப் பிறகுதான்.

1898-ல் புதுக்கோட்டைச் சீமையில் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் முகத்துக்குக் குறுக்கே உளி வெட்டு. மகளிடம் படத்தைக் காட்டினேன். "நல்லா வேணும்ப்பா!" என்று குதித்தாள். ஆனால் நல்லவர் என்று பெயரெடுத்தவர் முகத்திலும் அதே வெட்டுத்தான். இது இனிமேல் காசாகச் செல்லாது, வெறும் தங்கம் என்று காட்டவே வெட்டியிருக்கலாம் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். கலிகுலா செத்த பிறகு அவர் முகம் போட்ட வெண்கலக் காசுகளை உருக்கச் சொல்லி ரோமாபுரி செனட் உத்தரவு போட்டது. அது கோபம். நம்மாட்கள் வெட்டியது வியாபாரம்.

இதை எல்லாவற்றையும்விட என்னைத் தூங்கவிடாமல் செய்தது பிளினி சொல்லும் இன்னொரு கதை. செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த ஒருவரின் ஆள் காற்றில் அடித்துப் போய் இலங்கையில் கரை ஒதுங்கினான். அவனிடமிருந்த தெனாரியஸ்களை ராஜா எடைபோட்டுப் பார்த்தார். முகங்கள் வேறு வேறு, எடை மட்டும் ஒன்றே. ஆள் மாறினாலும் எடை மாறாத நாடு எவ்வளவு நேர்மையான நாடு என்று அசந்துபோய், கிளாடியஸிடம் நாலு தூதர்களை அனுப்பினாராம்.

தூதர்கள் ரோமில் தங்கள் நாட்டைப் பற்றிச் சொன்னதும் பிளினியில் இருக்கிறது. அங்கே ராஜாவைத் தேர்ந்தெடுப்பது ஜனங்கள். வயதானவராக, சாந்தமானவராக, பிள்ளை இல்லாதவராக இருக்கணும். பிள்ளை பிறந்தால் பதவி போய்விடும். ராஜா முப்பது பேரைக் கேட்காமல் யாருக்கும் மரண தண்டனை விதிக்க முடியாது. (மகாவம்சம் படித்தவர்கள் இங்கே சிரித்துக்கொள்ளலாம்.)

கேட்டது கிளாடியஸின் ரோம். கி.பி. 50-ல் அவர் நீரோவைத் தத்தெடுத்தார், 54-ல் போய்ச் சேர்ந்தார். காளானில் விஷம் என்று பேச்சு. பதினாறு வயது நீரோ பட்டத்துக்கு வந்தார். 55-ல் தம்பி முறையான பிரிட்டானிக்கஸ் விருந்தில் சுருண்டு விழுந்து செத்தான். 59-ல் அம்மா. 62-ல் மனைவி. அந்தப் பத்து வருஷமும் தெனாரியஸ் ராத்தலுக்கு 84, ஒரு குன்றிமணி குறையவில்லை.