மரமாங்காய்



நேற்று சாயங்காலம் காந்தல் முழுக்க மேகமூட்டம். கொலுவுக்கு வந்த பக்கத்து வீட்டுக் குட்டிப் பையன், கீழ்ப்படியில் இருந்த பழக்கூடையிலிருந்து ஆப்பிளை எடுத்துக் கடித்துவிட்டான். "அய்யே, கட்டை!" என்று அவனே முதலில் சிரித்தான். நாங்களும் சிரித்தோம். எனக்கு மட்டும் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. ஏன் என்று இருபது வருஷத்துக்கு மேலாக யாரிடமும் சொன்னதில்லை. இன்று சொல்லிவிடுகிறேன்.

2003 காலாண்டு விடுமுறையில் கோவா போயிருந்தோம். அங்கிருந்து எல்லை தாண்டினால் மகாராஷ்டிராவின் சாவந்த்வாடி. அந்த ஊரில் சிதார் ஆளி என்று ஒரு தெரு. ஓவியர் தெரு என்று அர்த்தம். மரத்திலேயே வாழைப்பழம், சீதாப்பழம், கத்தரிக்காய், மிளகாய் எல்லாம் செய்து கூடை கூடையாக வைத்திருப்பார்கள். முன்பு பங்காரா மரத்தில் செய்தார்களாம். நம்ம ஊர் கல்யாண முருங்கைதான் அது. லேசான மரம். இப்போது மாமரத்திலும் செய்கிறார்கள்.

கடையில் ஒரு பெரியவர் மாம்பழத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார். உப்புத்தாள் போட்டு இழைத்த கட்டைக்கு வெள்ளைப் பூச்சு, அதன்மேல் மஞ்சள், காம்புப் பக்கம் கொஞ்சம் பச்சை. கடைசியில் மெல்லிய பிரஷ்ஷால் நாலைந்து பழுப்புப் புள்ளிகள். அதுவரை பொம்மையாக இருந்தது, புள்ளி விழுந்ததும் பழமாகிவிட்டது. குறை ஒன்றும் இல்லாத பழத்தைக் கண் நம்பாது போலிருக்கிறது.

ஒரு கூடை வாங்கி வந்தேன். பள்ளி திறந்ததும் ஆறாம் வகுப்பு மேசையில் ஒன்றும் சொல்லாமல் வைத்தேன். 'ஐம்புலன்கள்' பாடம் மத்தியானம். கண் பொய் சொன்னால் கை கண்டுபிடிக்கும் என்று காட்டத் திட்டம். ஆனால் மத்தியானம் பார்த்தால் மாம்பழத்தைக் காணோம்.

மறுநாள் காலை ஒரு பையன் அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து நின்றான். மஞ்சள் வண்ணத்தில் இரண்டு சின்னப் பல் தடம். நான் என்ன செய்தேன் தெரியுமா? அதை வாங்கி வகுப்புக்கே தூக்கிக் காட்டி, "மரத்தைக் கூட விடமாட்டியாடா?" என்றேன். நாற்பது பிள்ளைகளும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவன் பெயர் 'மரமாங்கா'.

ஒரு வாரம் கழித்து அவன் அம்மா வந்தார். கேரட் கழுவும் வேலை. கை இரண்டும் குளிரில் வெடித்திருந்தது. "சின்னவளுக்குக் காய்ச்சல் டீச்சர். மாம்பழம் மாம்பழம்னு கேட்டுக்கிட்டே இருந்தா. அக்டோபர்ல இங்கே எங்க கிடைக்கும்? நெஜப் பழம்னு நெனச்சு எடுத்துட்டான். மன்னிச்சிருங்க" என்றார். பல் தடம் அந்தத் தங்கச்சியுடையது.

"பரவாயில்லைம்மா" என்று அனுப்பிவிட்டேன். அவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த வருஷம் அந்தக் குடும்பம் மலையிறங்கிவிட்டது.

மயன் கட்டிய சபையில் துரியோதனன் தரை என்று நினைத்துத் தண்ணீரில் விழுந்த கதையை எத்தனை வகுப்பில் சொல்லியிருப்பேன்! தண்ணீரில் விழுந்ததை அவன் மறந்திருப்பான். சபையில் எழுந்த சிரிப்பைத்தான் அவனால் மறக்க முடியவில்லை. இதைப் பாடமாகச் சொன்ன நானே, என் வகுப்பில் அதே சிரிப்பை மூட்டிவிட்டேன். ஏமாற்றும் பொருளை வைத்தது நான். ஏமாந்தவன் அவன். தண்டனையும் அவனுக்கு. எடுத்ததை மறுநாளே தானாகக் கொண்டுவந்து கொடுத்தானே, அந்த நேர்மை அன்று என் கண்ணில் படவே இல்லை.

அந்த மாம்பழத்துக்கு நான் மறுபடி வண்ணம் அடிக்கவில்லை. வருஷா வருஷம் தடம் தெரியும் பக்கத்தை முன்னால் வைத்துத்தான் கொலு வைக்கிறேன்.

தம்பி, உன் பெயரை இங்கே எழுதவில்லை. உனக்கு இப்போது முப்பது தாண்டியிருக்கும். இதைப் படித்தால் உனக்கே தெரியும். தப்பு என்னுடையது, மன்னித்துவிடு. அந்த வகுப்புப் பிள்ளைகளே, யாருக்காவது அவன் இருக்கும் இடம் தெரிந்தால் இதைக் காட்டுங்கள். அந்தப் பட்டப்பெயரை மட்டும் இனி சொல்லாதீர்கள்.

நான் அதே வீட்டில்தான் இருக்கிறேன். மே மாதம் தங்கச்சியையும் அழைத்துக்கொண்டு வா. நிஜ மாம்பழம் வாங்கி வைக்கிறேன்.