மணலில் ஆணி நிற்காது

திருச்செந்தூரிலிருந்து கன்னியாகுமரிக்குக் கடலோரமாகவே போனால் சுமார் 90 கிலோமீட்டர். பேருந்தில் ஏறினால் அரை நாள்கூட ஆகாது. அதையே சில ராத்திரிகளாக நீட்டி, சைக்கிளில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு போவது என் பழக்கம். மணப்பாடு, பெரியதாழை, உவரி, இடிந்தகரை என ஊருக்கு ஊர் கடல் வேறு. கரையில் படுத்து எழுந்தவர்களுக்குத்தான் அது பிடிபடும்.

வழியில் தங்கிப் போவது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. தைப்பூசத்துக்குப் பச்சை உடுத்தித் திருச்செந்தூருக்கு நடப்பவர்கள் அண்டாவையும் அரிசியையும் வண்டியில் ஏற்றிவிட்டு, கண்ட இடத்தில் படுத்து எழுந்துதான் வருகிறார்கள். வெயிலுக்கு முன் கிளம்பு, சுமையைக் குறை என்ற இரண்டு பாடமும் அவர்களிடம் கற்றவை.

வழிக்குச் சாப்பாட்டுச் சாமான் வாங்குவது எப்போதும் உடன்குடியில். காரணம் கருப்பட்டி. அவலும் கருப்பட்டியும் சுக்கும் இருந்தால் அடுப்பு மூட்ட முடியாத காற்றிலும் ராத்திரி கழிந்துவிடும். ஈரக்காற்று பட்டால் கருப்பட்டி இளகும். தாளில் சுற்றி டப்பாவில் இறுக்கி மூட வேண்டும். மாசி, பங்குனியில் போனால் வழியில் பதநீரும் கிடைக்கும். ஆடிக் காற்றில் போகவே கூடாது. தேரிக்காட்டுச் செம்மண் கிளம்பிக் கண்ணை மறைத்துவிடும்.

கடையில் கூடாரத்தோடு தரும் கம்பி ஆணி கடல்மணலில் நிற்காது. காலி அரிசிச் சாக்கில் பாதியளவு மணல் நிரப்பி, வாயைக் கயிற்றால் கட்டி, முழங்கை ஆழக் குழியில் படுக்கவைத்து மூடி மிதித்துவிட வேண்டும். மண்ணுக்கு மேலே கயிறு மட்டும் தெரியும். மூலைக்கு ஒன்றாக நான்கு சாக்கு போதும். எந்தக் காற்றும் பிடுங்காது. காலையில் மணலைக் கொட்டிவிட்டுச் சாக்கை மடித்தால் கையகலம். பகலில் கடலிலிருந்து வீசும் காற்று பின்னிரவில் பெரும்பாலும் கரையிலிருந்து திரும்பும். அதனால் வாசலைக் கடலுக்கும் வைக்காமல் ஊருக்கும் வைக்காமல் பக்கவாட்டில் வைப்பேன். பனைமரத்தடியில் படுக்கவே மாட்டேன். காய்ந்த மட்டை எப்போது விழும் என்று சொல்ல முடியாது.

இடம் பார்ப்பதில்தான் எல்லாமே இருக்கிறது. மணப்பாட்டில் 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் வந்து தங்கிய குகையும், மணல் குன்றின் மேல் திருச்சிலுவைக் கோயிலும் பார்க்கச் சலிக்காதவை. ஆனால் கீழே ஆற்றுமுகத்து மணல்திட்டு அழகாக இருக்கிறதே என்று அங்கே கூடாரம் போடக் கூடாது. அந்தத் திட்டு நின்ற இடத்தில் நிற்பதில்லை. கூடங்குளம் அணுமின் நிலையம், 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய குலசேகரன்பட்டினம் ராக்கெட் ஏவுதளம், இரண்டின் பக்கமும் கரையை விட்டுச் சாலையேறிக் கடந்துவிட வேண்டும்.

மீனவ ஊரில் முதலில் ஆளைத் தேடு, பிறகு இடத்தைத் தேடு. “அண்ணாச்சி, இங்க ராத்திரி படுத்துக்கிடலாமா?” என்று ஒருமுறை கேட்டேன். வலை பிரித்துக்கொண்டிருந்தவர் நிமிராமலே, “இது வள்ளம் ஏத்துற இடம் தம்பி, அங்கிட்டு கோயில் பக்கம் போடுங்க” என்றார். விடிவதற்குள் அந்த இடத்தில் வள்ளங்களும் ஆட்களும் நிறைந்துவிட்டார்கள். நமக்கு ரசிக்கக் கிடைத்த கரை அவர்களுக்கு வேலைத்தலம். குடிதண்ணீரும் அப்படித்தான். குடத்துக்குக் காசு கொடுத்து வாங்கும் வீட்டில், குடிக்க மட்டும் கேட்க வேண்டும்.

கள்ளக்கடலை மறந்துவிடாதீர்கள். தெற்கே வெகு தொலைவில் எழும் புயலின் அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் திடீரென்று கரையேறும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் 5 பயிற்சி மருத்துவர்கள் அலையில் போனார்கள். ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது. சாயங்காலம் அதைப் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் கூடாரத்தை விரிக்காமல் ஊருக்குள் போய் ஒரு திண்ணை கேளுங்கள், கொடுப்பார்கள்.