விறகுத் தீயும் மனாராவும்

புதுச்சேரிக்கு வருவோரில் பலர் கடற்கரைச் சாலையில் காந்தியடிகள் சிலையைக் கண்டதும் திரும்பிவிடுகின்றனர். எதிர்ப்புறம் வெண்ணிறத்தில் நிற்கும் பழைய கலங்கரை விளக்கை ஏறிட்டு நோக்குவோர் குறைவே. நாம் அதனைக் காண்பதற்கென்றே சென்றோம்.

இக்கோபுரம் எழுமுன் கப்பல்களுக்கு வழிகாட்டியது விறகுத் தீ. 17-ஆம் நூற்றாண்டில் ஊருக்கு மேற்கேயுள்ள செம்மண் மேட்டில் இரவுதோறும் பெருநெருப்பு மூட்டுவராம். 1836 ஜூலை முதல் நாள் பிரெஞ்சுக்காரர் இங்கு விளக்கேற்றினர். உயரம் ஏறத்தாழ 90 அடி. கப்பல்கள் கரையணைய முடியாமல் தொலைவில் நங்கூரமிட, மக்களும் சரக்கும் படகேறி அலை கடந்து வந்த கரை இது.

அரபு மொழியில் ‘நார்’ என்பது நெருப்பு. ‘நூர்’ என்பது ஒளி. ‘மனாரா’ ஒளி இருக்கும் இடம். நாகூரின் உயர்ந்த மனாராக்களை நாம் அழைக்கும் அச்சொல்லாலேயே அரபு மக்கள் கலங்கரை விளக்கையும் அழைக்கின்றனர். இஸ்கந்தரிய்யாவின் மனாராவை 1326-இல் கண்ட இப்னு பதூதா, அதன் ஒரு பக்கம் இடிந்திருந்தது என்கிறார். 1349-இல் மீண்டும் சென்றபோதோ உள்ளே நுழையவும் இயலவில்லை!

இங்கு முதலில் அழிந்தது கோட்டைதான். இன்றைய பாரதி பூங்காப் பகுதியில் நின்ற லூயிக் கோட்டையை, 1761-இல் நகரைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் தகர்த்தனர். அங்கே மரநிழலும் விளையாடும் பிள்ளைகளுமே கண்ணில் பட்டனர். அக்கோட்டைக்காக நாம் வருந்தவில்லை. நண்பர், பகைவர் என்று பாராமல் ஒளி தந்த கோபுரமே நம்மை ஈர்த்தது.

உடன்வந்த பெரியவரின் தந்தை சைகோனில் வணிகம் செய்தவர். புதுவையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் நம்மவர் பலர் அந்நாளில் அங்குச் சென்றனர். 1935-இல் அந்நகரின் நடுவே பள்ளிவாசல் எழுப்பியோரும் தென்னிந்திய முஸ்லிம்களே. “வாப்பா சொல்வாங்க, கப்பல் நகர்ந்தா கரை சீக்கிரம் மறைஞ்சிடும், இந்த விளக்கு மட்டும் நெடுநேரம் தெரியுமாம். இதுவும் மறைஞ்ச பிறகுதான் அழுவாங்களாம்” என்றார் பெரியவர். ஊரில் இருந்த பெண்களின் அழுகைக்கு அப்படியொரு கணக்கு இருந்ததா என நாம் கேட்கவில்லை.

1979-இல் தெற்கே புதிய விளக்கம் வந்ததும் இதன் ஒளி நின்றது. மக்ரிபு நெருங்கியது. சைகோன் எத்திசையில் என்று பெரியவர் வினவினார். கடலுக்கு நேரே கிழக்கில் கைகாட்டினோம். சிறிது நேரம் அங்கேயே பார்த்திருந்துவிட்டு, முல்லா வீதிப் பக்கம் நடந்தார்.